துணி வெளுக்கும் இரட்டைத் தொட்டி யந்திரம்

(கொல்லிமலை, தேவனூர் நாட்டில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேசப்போகும் விஷயம் இன்னது என்று கேள்விப்பட்டவுடன் இங்கு சிலர் சிரித்ததாகத் தெரிகிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து, சாமியைப் பற்றியோ சாஸ்திரத்தைப் பற்றியோ நாலு வார்த்தை சொல்லுவார்கள் என்று பார்த்தால், துணி துவைக்கிற மிஷினைப் பற்றியா பேசுவது என்று கேட்கிறார்களாம். போதாக்குறைக்கு அந்த மிஷினையும் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து, இதோ இந்தப் பெஞ்சின்மேல் முதுகுத் தகட்டைக் கழற்றிப் போட்டு வைத்திருக்கிறோம். வளைவுக்கு வளைவு அது ஒரு பக்கம் சாய, நாம் ஒரு பக்கம் சாய, ஆட்டோ ஓட்டிய தோழர் "பழைய இரும்புக்கு இவ்வளவு மரியாதையா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில்தான் இன்றைய பேச்சு.

இது காயலான் கடையிலிருந்து வந்தது. 400 ரூபாய் கொடுத்து எடைக்கு வாங்கினோம். இம்மாதிரி நம்மிடம் இப்பொழுது 14 யந்திரங்கள் இருக்கின்றன. எல்லாம் இரண்டு தொட்டி உள்ளவை. ஒரு தொட்டியில் துவைத்து, மறு தொட்டியில் பிழிவது. கடைக்காரர்கள் இதைச் செமி ஆட்டோமேட்டிக் என்று சொல்லுவார்கள். பிழிகிற தொட்டியை நம் பெண்கள் டிரையர் என்கிறார்கள். உண்மையில் அது துணியை உலர்த்துவதில்லை. பிழிந்து மட்டும் கொடுக்கிறது. இருந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

தபால் தலை சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், பழைய காசு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் பைத்தியக்காரர் என்பதில்லை. துணி துவைக்கும் யந்திரத்தைச் சேர்த்தால் மட்டும் சொல்லுகிறார்கள். அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் லீ மாக்ஸ்வெல் என்னும் மின்சாரப் பொறியியல் பேராசிரியர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஆயிரத்துக்கு மேற்பட்ட துவைக்கும் யந்திரங்களைச் சேர்த்து, பழுது பார்த்து, ஒரு காட்சிசாலையே வைத்தார். கையால் சுற்றுவது, ஆட்டைக்கொண்டும் நாயைக்கொண்டும் ஓட்டுவது முதற்கொண்டு எல்லாம் அதில் இருந்தன. ராஜாக்களின் கத்தியையும் கிரீடத்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிற உலகத்தில், கோடிக்கணக்கான பெண்களின் இடுப்பு வலியைப் பாதியாக்கிய சாமானுக்கு ஒரு காட்சிசாலை இருந்தால் என்ன குறைந்துபோகும்?

நிற்க. நாம் சேர்க்கத் தொடங்கிய விதத்தைச் சொல்லிவிடுகிறோம். நாம் எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றதுதான் நம்முடைய படிப்பு. நம்முடைய தாயார் மோகனூரில் காவிரிப் படித்துறையில் துவைத்தே காலம் கழித்தவர். எட்டுப் பேர் துணி. பவுடர் காரத்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசையும்போது மிளகாய் பட்டால் கையை உதறுவார். நம்முடைய தகப்பனாருடைய வேட்டி மட்டும் கொக்கு மாதிரி இருக்கும். ஈரவேட்டி என்ன கனம் கனக்கும் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

நாம் வேலைக்குப் போய் மிச்சம் பிடித்து 2003-ல் ஒரு இரட்டைத் தொட்டி யந்திரம் வாங்கிவந்து வீட்டில் வைத்தோம். தாயார் முதலில் செய்த காரியம், அதற்கு மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்ததுதான். இரண்டாவது செய்த காரியம், தீட்டுத் துணியை அதில் போடக்கூடாது என்று மருமகளுக்கு உத்தரவு போட்டது. சோப்பும் தண்ணீரும் போட்டு அழுக்கைப் போக்குவதற்கென்றே வாங்கிய சாமான். எந்தத் துணிக்கு அது மிகவும் வேண்டுமோ அந்தத் துணிக்கு அதில் இடமில்லை! துணி தீட்டு நீங்கிச் சுத்தமாகுமா, அல்லது மிஷின் தீட்டுப்பட்டு அசுத்தமாகுமா என்று கேட்டோம். தாயார், "உனக்கு அதெல்லாம் தெரியாது, நீ வெளியே போ" என்று சொல்லிவிட்டார். நாமும் வெளியே போய்விட்டோம். எங்கே போனோம் தெரியுமா? பெண்ணடிமை ஒழிய வேண்டும் என்று கூட்டத்தில் பேசப் போனோம்.

இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் இரவு கூட்டம் முடிந்து வந்து, நன்றாகப் பேசினோம் என்ற பெருமையோடு சட்டையைக் கழற்றிக் கொடுத்தபோது, நம்முடைய துணைவியார் அதை வாங்கிக்கொண்டு, "இந்தச் சட்டையை யார் துவைச்சாங்கன்னு அங்க யாராவது கேட்டாங்களா?" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, கொடியில் இடம் தேடிக்கொண்டே சொன்னார். அன்று நமக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் முதல் அந்த யந்திரம் நம்முடைய பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டோம். ஏற்றுக்கொண்ட மூன்றாம் வாரம் அது நின்றுபோயிற்று.

பழுது பார்க்க வந்தவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. காதை வைத்துக் கேட்டார். "மோட்டார் போச்சு, 2,500 ரூபாய் ஆகும், அதற்குப் புதுசே வாங்கிவிடலாம்" என்றார். கோடாங்கி உடுக்கையை அடித்து, "உனக்கு மேற்கே இருந்து ஒரு காத்து பட்டிருக்கு" என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? திறக்காமலே சொல்லுகிறவன் எல்லாம் ஒரே ஜாதிதான். லாரிப் பட்டறையில் கையில் ஸ்பேனர் பிடித்த நாம் இதைக் கேட்டுக்கொண்டு நிற்பதா என்று, கரண்டை எடுத்துவிட்டு, முதுகுத் தகட்டைக் கழற்றினோம். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் வெட்கமாக இருந்தது. இவ்வளவுதானா என்ற வெட்கம்.

இப்பொழுது நீங்களும் கிட்ட வந்து பாருங்கள். பிள்ளைகளை முன்னே விடுங்கள்.

இதோ இந்தப் பெரிய தொட்டியின் அடியில் தெரிவது ஒரு தட்டு. இதற்குப் பல்சேட்டர் என்று பேர். தட்டின்மேல் வரப்பு மாதிரி மேடுகள் இருக்கின்றன. கீழே மோட்டாரிலிருந்து ஒரு பெல்ட் வந்து பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரத்தின் தண்டுதான் தொட்டிக்குள் வந்து தட்டைச் சுற்றுகிறது. உங்கள் ஊர் மாவு மில்லில் பார்த்திருப்பீர்களே, அதே பெல்ட், அதே சங்கதி. சிறிது நேரம் ஒரு பக்கம் சுற்றும், நிற்கும், பிறகு எதிர்ப் பக்கம் சுற்றும். ஏன் திருப்பிச் சுற்ற வேண்டும் என்றால், ஒரே பக்கமாகச் சுற்றினால் புடவையும் வேட்டியும் கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கிக்கொள்ளும். இப்படித் திருப்புவது யார்? மேலே இந்த முடுக்குகிற குமிழிலுள்ள பல்சக்கரங்கள். பழைய கடிகாரம் மாதிரி சுருள்வில் வைத்தது. 15 நிமிஷம் வரை வைக்கலாம். வில் விரிய விரியப் பல்சக்கரம் நகர்ந்து, கரண்டை இந்த வழியாகவும் அந்த வழியாகவும் மாற்றிவிடுகிறது. ஆவியும் இல்லை, அருளும் இல்லை.

பக்கத்தில் இருக்கும் சின்னத் தொட்டிக்கு வாருங்கள். இதற்குத் தனி மோட்டார், பெல்ட் கிடையாது, மோட்டார் தண்டே நேராகக் கூடையைப் பிடித்திருக்கிறது. நிமிஷத்துக்குச் சுமார் 1,300 சுற்றுக்கு மேல் சுற்றும். கூடை ஒரு அடிக்கும் குறைந்த அகலந்தான். ஆனால் அந்த வேகத்தில் அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரும் தன் எடையைப் போல 200 மடங்குக்கு மேற்பட்ட பலத்தோடு வெளியே தள்ளப்படுகிறது. துணி கூடையைத் தாண்டிப் போகமுடியாது. தண்ணீர் ஓட்டை வழியாகப் போய்விடுகிறது. நனைந்த நாய் உடம்பைச் சிலுப்பிக்கொள்ளுகிறதல்லவா, அந்த வித்தைதான். ஐந்து நிமிஷத்தில் இது பிழிகிற அளவு, இரண்டு ஆண்பிள்ளைகள் இரு முனையிலும் நின்று முறுக்கினாலும் வராது.

இதை நாம் ஏன் இவ்வளவு விரித்துச் சொல்லுகிறோம் என்றால், இந்த மலையில் மாரிக்காலத்தில் துணி எத்தனை நாள் கொடியில் தொங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மூடுபனி இறங்கிவிட்டால் வெயில் என்பதே கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளை ஈரச்சட்டையோடு போகிறது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் புகையில் உலர்த்துகிறீர்கள். குச்சிக்கிழங்கு பிடுங்கிய நாளில் செம்மண் ஏறிய துணியை ஓடைக்கு இறக்கி, துவைத்து, ஈரமாக மறுபடியும் மேட்டுக்குச் சுமந்துகொண்டு வருவது யார்? ஈரத்துணி கூடை தலையில் இருக்கிற ஆண் ஒருவரையாவது இன்று வழியில் பார்ப்போமா என்று பார்த்துக்கொண்டே வந்தோம். பார்த்த அளவில் ஒருவரும் இல்லை.

சரி, நம் யந்திரம் ஏன் நின்றது? அதோ மோட்டாருக்குப் பக்கத்தில் டப்பா மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுதான் கெபாசிட்டர். இந்த மோட்டார் தானாகக் கிளம்பாது. முதலில் ஒரு தள்ளு வேண்டும். அந்தத் தள்ளைக் கொடுப்பது இது. இது கெட்டுவிட்டால் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே நிற்கும். பழுது பார்க்க வந்தவர் கேட்டது அந்த முனகலைத்தான். நூறு ரூபாய்க்குள் ஒரு கெபாசிட்டர் வாங்கிப் போட்டோம், ஓடிற்று. அன்றிலிருந்துதான் பழைய இரும்புக் கடைக்குப் போகும்போதெல்லாம், "மோட்டார் போச்சு" என்று எறியப்பட்ட யந்திரங்களைத் தேட ஆரம்பித்தோம். நாம் வாங்கிய பதினான்கில் உண்மையாகவே மோட்டார் எரிந்துபோனவை இரண்டு. மற்றவற்றில் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்தது, கெபாசிட்டர் கெட்டது, தண்டடியில் ரப்பர் சீல் தேய்ந்து தண்ணீர் ஒழுகியது, எலி கடித்த ஒயர். அடியில் மூடித் தகடு இல்லாத யந்திரங்களில் எலி குடித்தனமே நடத்துகிறது. ஒன்றில் ஐந்து குஞ்சுகள் இருந்தன.

திறப்பதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். கெபாசிட்டர் கரண்டை எடுத்த பிறகும் சிறிது நேரம் வைத்துக்கொண்டிருக்கும். அதன் இரண்டு முனையையும் கையால் தொடக்கூடாது. எர்த் ஒயர் இல்லாத வீட்டில் ஈரக்கையோடு இரும்பு உடம்புள்ள பழைய மிஷினைத் தொடுவது ஆபத்து. பிழிகிற தொட்டியின் மூடியைத் தூக்கினால் கரண்டு நின்று, ஒரு கம்பி இழுத்துப் பிரேக் பிடிக்கும். அவசரக்காரர்கள் சிலர் அந்தச் சுவிட்சைக் கட்டிப்போட்டுவிட்டுத் திறந்தபடியே ஓட்டுகிறார்கள். சுற்றுகிற கூடையில் புடவை முந்தானை சிக்கினால் கை போய்விடும். எலுமிச்சம்பழம் வைத்தால் காப்பாற்றாது. மூடிச் சுவிட்சு காப்பாற்றும்.

இந்த இரட்டைத் தொட்டி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். பிரிட்டனில் வேல்ஸ் பிரதேசத்தில் மெர்த்தர் டிட்வில் என்று ஒரு ஊர். இரும்பு ஆலையும் நிலக்கரிச் சுரங்கமுமாக இருந்த ஊர். சுரங்கத்துக்குள் போய் வருகிற ஆணின் துணி எப்படி இருக்கும், அதை வெளுக்கிற பெண்ணின் கை எப்படி இருக்கும் என்பதை நீங்களே நினைத்துக்கொள்ளலாம். அங்கே ஹூவர் கம்பெனி 1948-ல் ஆலை திறந்து, ஒற்றைத் தொட்டி வைத்து ஒரு யந்திரம் செய்தது. சுழலும் தட்டு தொட்டியின் பக்கச் சுவரில் இருந்தது. கரும்பு பிழிகிற மாதிரி இரண்டு உருளைக்கு நடுவே துணியைக் கொடுத்துக் கையால் சுற்றிப் பிழியவேண்டும். 1957-ல் பிழிகிறதற்கும் ஒரு தொட்டி சேர்த்து ஹூவர்மேட்டிக் என்று கொண்டுவந்தார்கள். இரட்டைத் தொட்டி அந்த நாட்டு ஏழை வீடுகளிலும் நுழைந்தது. ஜான் புளூம் என்பவர் இடைத் தரகுக் கடைகளை ஒதுக்கி, நேராக வீட்டுக்கே மலிவு விலையில் விற்கிறேன் என்று கிளம்பி, பெருந்தொகை சம்பாதித்து, 1964-ல் அவருடைய ரோல்ஸ் ரேஸர் கம்பெனி கவிழ்ந்தது. அது வியாபாரிகள் பாடு. நமக்கு வேண்டியது யந்திரம்.

ஜப்பான்காரர்களைப் பாருங்கள். யுத்தத்தில் நொறுங்கிப்போன நாடு. சான்யோ கம்பெனியார் அந்த ஹூவர் முறையைப் பார்த்துக் கற்று, 1953-ல் 28,500 யென்னுக்குத் துவைக்கும் யந்திரம் விற்றார்கள். 1960-ல் இரட்டைத் தொட்டியும் செய்தார்கள். அந்தக் காலத்தில் ஜப்பானியர், துவைக்கும் யந்திரம், குளிர்பெட்டி, டெலிவிஷன் மூன்றையும் சேர்த்து 'மூன்று புனிதப் பொருள்கள்' என்று அழைத்தார்கள். அது அவர்கள் ராஜ வம்சத்தில் பூசித்துவந்த வாள், கண்ணாடி, மணி ஆகிய மூன்றுக்கு இருந்த பேர்! புனிதத்தின் பேரைத் தூக்கித் துணி துவைக்கும் யந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சூரியன் மறுநாளும் அங்கேதான் முதலில் உதித்தது. நாமோ யந்திரத்தை வாங்கி அதற்குப் புனிதத்தை ஏற்றிக் குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் நாட்டுக்கு இது 1980-களின் பிற்பகுதியில்தான் நன்றாக வந்தது. வடக்கே வீடியோகான், இங்கே தமிழ்நாட்டு டி.வி.எஸ். குழுவும் அமெரிக்க வேர்ல்பூலும் சேர்ந்து பாண்டிச்சேரியில் ஆலை வைத்து டி.வி.எஸ். வேர்ல்பூல் என்ற பேரில் செய்தார்கள். 1990-களில் வேர்ல்பூல் அமெரிக்கரின் கைக்கே போயிற்று, டி.வி.எஸ். என்ற பேர் யந்திரத்தின் முகப்பிலிருந்து மறைந்தது. ஆகவே அந்த இரட்டைப் பேர் போட்ட யந்திரம் அகப்பட்டால் நாம் விடுவதில்லை. பி.பி.எல். சான்யோ என்று போட்டதும் அப்படித்தான். பேரைப் பார்த்தாலே எந்தக் காலத்து யந்திரம் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். வீடியோகான் கம்பெனி 2018-ல் கடன் தீர்க்க மாட்டாமல் திவால் விசாரணைக்குப் போயிற்று. கம்பெனி போனாலும் யந்திரம் இருக்கிறது. உதிரிப் பாகங்கள் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் பொருந்துகின்றன. இரண்டு செத்த யந்திரத்தைச் சேர்த்து உயிருள்ள ஒன்றைச் செய்துவிடுகிறோம்.

"இப்பொழுதுதான் எல்லாம் தானாகச் செய்கிற மிஷின் வந்துவிட்டதே, இந்தப் பழசு எதற்கு?" என்று கேட்பீர்கள். அதற்குக் குழாயில் தண்ணீர் வேகத்தோடு வரவேண்டும். கரண்டு நிலையாக இருக்கவேண்டும். உள்ளே ஒரு மின்னணுப் பலகை இருக்கும், அது போனால் கம்பெனி ஆள் மலை ஏறி வரவேண்டும். இதற்கோ குடத்தில் கொண்டுவந்து ஊற்றினாலும் போதும். கரண்டு போனால் அப்படியே நிற்கும், வந்ததும் குமிழை மறுபடியும் முடுக்கிவிட்டால் ஓடும். ஒரு தடவை கலக்கிய சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை, அடுத்து சாயத் துணி, கடைசியில் காட்டு வேலைத் துணி என்று மூன்று நடை துவைத்துக்கொள்ளலாம். தானாக ஓடுகிற மிஷின் ஒவ்வொரு நடைக்கும் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். தண்ணீர் சுமக்கிற வீட்டுக்கு எது புத்திசாலி மிஷின் என்று நீங்களே சொல்லுங்கள்.

வாஸ்தவத்தில் இதற்கு ஒரு குறை உண்டு. துவைத்த துணியை இந்தத் தொட்டியிலிருந்து எடுத்து அந்தத் தொட்டியில் போடுவதற்கு ஒரு கை வேண்டும். எடுத்துப் போட்டு, ஒரே பக்கம் குவியாமல் சமமாக அமுக்கி, மேலே இந்த வட்ட மூடியை வைக்கவேண்டும். இல்லாவிட்டால் டமடம என்று அடித்துக்கொள்ளும். அந்தக் கை யாருடைய கை? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

துணி வெளுப்பது என்பது நம் நாட்டில் ஒருபோதும் வெறும் வேலையாக இருந்ததில்லை. அது பிறவியோடு ஒட்டப்பட்டது. ஊருக்கு வெளுக்க ஒரு ஜாதி. அவருக்குக் கூலி என்று பேசாமல், பொழுது சாய்ந்தால் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கிக்கொள் என்று வைத்தார்கள். சென்னையில் கும்பினியார் ஏற்றுமதித் துணியை வெளுத்தவர்கள் இருந்த இடம் இன்றைக்கும் வண்ணாரப்பேட்டை. கும்பினி போய்விட்டது, பேர் போகவில்லை. அதற்கும் அடியில் புதிரை வண்ணார் என்று ஒரு மக்களை வைத்தார்கள். தீண்டப்படாதவர் என்று தள்ளப்பட்டவர்களின் துணியை வெளுப்பவர்கள் அவர்கள். அவர்களைத் தொட்டால் தீட்டு என்பதோடு நிற்காமல், பார்த்தாலே தீட்டு என்று சொல்லி, திருநெல்வேலிச் சீமையில் பகலில் வெளியே வரக்கூடாது, இரவில்தான் வேலை செய்ய வேண்டும் என்று வைத்திருந்ததை 1932-ல் பத்திரிகை எழுதிற்று. அந்த மக்களுக்கு நல வாரியம் என்று ஒன்று தமிழ்நாட்டில் அமைந்தது 2009-ல். நடுவில் எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அழுக்கை உண்டாக்குகிறவன் சுத்தக்காரன், அழுக்கைப் போக்குகிறவன் அசுத்தக்காரன் என்கிற கணக்கை இந்த யந்திரத்திடம் சொல்லிப் பாருங்கள். அது எல்லார் துணியையும் ஒரே தண்ணீரில்தான் சுற்றும்.

வீட்டுக்குள் அந்த வேலை பெண்ணின் பிறவி வேலை. யந்திரம் வந்தால் அது தானாக மாறிவிடும் என்று நாமும் ஒரு காலத்தில் நினைத்துப் பேசியது உண்டு. ஸ்வீடன் தேசத்து டாக்டர் ஹான்ஸ் ரோஸ்லிங் என்பவர் 2010-ல் துணி துவைக்கும் யந்திரத்தைப் பற்றியே ஒரு பிரசங்கம் செய்தார். தன் வீட்டுக்கு முதன்முதலில் யந்திரம் வந்த நாளில் பாட்டி அதன் முன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததையும், மிஞ்சிய நேரத்தில் தாயார் தன்னைப் புத்தகசாலைக்குக் கூட்டிப்போனதையும் அவர் சொன்னதைக் கேட்டு நமக்குக் கண் கலங்கிற்று. ஆனால் ரூத் ஷுவார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க அம்மையார் 1983-ல் எழுதிய ஆராய்ச்சி நூல் வேறு கதை சொல்லுகிறது. யந்திரம் வந்தபின் ஆணும் பிள்ளைகளும் வெளியாளும் செய்துவந்த வேலைகூட வீட்டு அம்மாள் தலையிலேயே விழுந்தது; வாரத்துக்கு ஒரு சட்டை போட்டவன் தினம் ஒன்று போட ஆரம்பித்தான்; அவள் வேலை நேரம் குறையவில்லை என்று அவர் காட்டுகிறார்.

இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா என்றால், முடியும். நம் வீட்டிலேயே பார்த்தோம். மிஷின் வந்த பிறகுதான் நமக்குத் தினம் இரண்டு சட்டை தேவைப்பட்டது! 2019-ல் இந்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்கில், வீட்டு வேலை செய்கிற பெண் நாளொன்றுக்கு 299 நிமிஷம் அதில் செலவிடுகிறாள். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் அதில் கைவைப்பவர்கள். அந்த 26 பேரும் 97 நிமிஷந்தான். 2011-ல் தமிழ்நாட்டில் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாக வந்தன. வந்தது நல்லதுதான், கையாட்டுக்கல் ஓய்ந்தது. ஆனால் கிரைண்டரில் அரிசி போடுகிற கை மாறிற்றா? 2021 தேர்தலில் அ.தி.மு.க. வாஷிங் மிஷின் இலவசம் என்று சொல்லிற்று. அது ஜெயிக்கவில்லை, மிஷினும் வரவில்லை. வந்திருந்தாலும் இரண்டு தொட்டிக்கும் நடுவே யார் நிற்பது என்று எந்தக் கட்சி வாக்குறுதி கொடுக்கும்?

நம்முடைய தாயாரைப் பற்றி மிச்சத்தைச் சொல்லிவிடுகிறோம். நாம் வாரம் மூன்று நாள் துவைக்க ஆரம்பித்தபோது அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆண்பிள்ளை பெண்டாட்டி துணியை எடுப்பதா என்று அழுதார். தீட்டுத் துணியையும் நாமே அலசி மிஷினில் போட்டதைப் பார்த்த அன்று சாப்பிடவில்லை. மிஷின் கெடவில்லை, வீடு இடியவில்லை, மாதங்கள் போயின. ஒரு நாள் நாம் ஒரு பழைய யந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தத் தட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுதானா சுத்துது?" என்று கேட்டார். இதுதான் என்றோம். "இது நான் கல்யாணமாகி வந்தப்பவே இருந்ததா?" என்று கேட்டார். அவருக்குக் கல்யாணம் 1974-ல். வெளிநாட்டில் இருந்தது, நம் வீட்டுக்கு வரவில்லை என்று சொன்னோம். வேறொன்றும் பேசாமல், முந்தானையால் அந்தத் தட்டைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டுப் போனார். அந்தத் தட்டு இன்னும் நம்மிடம் இருக்கிறது. அதை எந்த யந்திரத்திலும் மாட்டவில்லை.

இனிக் காரியத்துக்கு வருவோம். உங்கள் வீடுகளில் நின்றுபோன இரட்டைத் தொட்டி யந்திரம் மூலையில் நெல் மூட்டைக்கு மணையாக இருந்தால், காயலான் கடைக்குப் போடாதீர்கள். நாளை காலையில் செம்மேட்டுச் சந்தைப் பக்கம் கொண்டுவாருங்கள். அங்கே பகல் முழுவதும் நாம் இருக்கிறோம். பெல்ட், கெபாசிட்டர், ரப்பர் சீல் மூன்றும் கொண்டுவந்திருக்கிறோம். சாமான் விலை மட்டும் கொடுத்தால் போதும். ஒரு நிபந்தனை: திறப்பது நீங்கள்தான், நாம் பக்கத்தில் இருப்போம். கரண்டு வோல்டேஜ் குறைகிற வீடுகளில் மோட்டார் முனகினால் உடனே கெபாசிட்டர்மேல் பழி போடவேண்டாம், விளக்கு மங்குகிறதா என்று முதலில் பாருங்கள். சோப்புத் தண்ணீரை ஓடையில் விடாமல் ஒரு குழி வெட்டி விடுங்கள். கீழே இருக்கிறவர்கள் அந்த ஓடையில் குடிக்கிறார்கள்.

இப்பொழுது இதை ஓட்டிக் காட்டப் போகிறோம். குடத்தில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். துணி, மேடைக்கு விரித்திருந்த இந்த ஜமக்காளமே போதும், நல்ல அழுக்காக இருக்கிறது. முதுகுத் தகட்டை மாட்டவேண்டும், ஸ்குரூ எட்டு. அதோ கடைசியில் நிற்கிற அந்தப் பள்ளிக்கூடப் பெண், ஆமாம் அம்மா, நீதான், வந்து ஸ்குரூ டிரைவரைப் பிடி. துவைத்து முடிந்ததும் எடுத்துப் பிழிகிற தொட்டியில் போட ஒரு ஆள் வேண்டும். முன் வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருக்கிற பெரியவர் எழுந்து வரட்டும். வேட்டி நனைந்தால் பயப்பட வேண்டாம், அதையும் இதிலேயே போட்டுக்கொள்ளலாம்.